பூட்டிய எழுத்துருவும் திறந்த நிரலும்

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஒரு கோப்பைப் பிரித்து, அதில் ‘தமிழ்’ என்ற சொல் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், அங்கே தமிழ் எழுத்து ஒன்றுகூட இருக்காது. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருக்கும். ஜே வரும் இடத்தில் ‘த’வையும், கே வரும் இடத்தில் ‘ம’வையும், பி வரும் இடத்தில் இகரக் கொக்கியையும், ஓ வரும் இடத்தில் ‘ழ’வையும், அரைப்புள்ளி வரும் இடத்தில் மெய்யின் புள்ளியையும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குவியல். 1980களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள், கணினியில் கோத்த தமிழ் நூல்களும் இதழ்களும் மலர்களும் கல்யாணப் பத்திரிகைகளும் பெரும்பாலும் இந்த முறையில்தான் உருவாயின. எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் வெவ்வேறு இட அமைப்பை வைத்திருந்தார்கள். பாமினி பரவலாகப் புழங்கியதால் அதன் அட்டவணை எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. தெரியாமலே போன அட்டவணைகள் எத்தனையோ. அந்த 20 ஆண்டுத் தமிழில் எது இன்றும் படிக்கும் நிலையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் குறியேற்றமும் நிரலும் யாரும் படித்து, மாற்றி, பகிரும்படி திறந்திருந்தவை பிழைத்தன. விற்பனையாளரின் கையில் மட்டும் இருந்தவை அவரோடு முடங்கின. இப்படித் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருளை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்குத் தமிழர்கள் வேறெங்கும் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. நம் மொழியின் அண்மைக் கால வரலாறே போதும்.

அந்தத் திறந்த நிலையின் அருமை தெரிய, ஈய எழுத்துக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. தரங்கம்பாடி மிஷனரிகளுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் 1713இல் பயன்பாட்டுக்கு வந்தபோது, அவை அளவில் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கின. ஹாலேயிலிருந்து புதிய எழுத்து வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக வெளிவந்ததில் அந்த வார்ப்புக்குப் பங்கு உண்டு. 1835இல் கவர்னர் ஜெனரல் பொறுப்பில் இருந்த மெட்காஃப் அச்சுக் கட்டுப்பாடுகளை நீக்கியபின் இந்தியர் கைக்கு வந்த அச்சகங்களிலும் இதே நிலைதான். எழுத்தை வாங்கிய அச்சகம் அதற்கு முழு உரிமையாளர். தேய்ந்ததை உருக்கலாம், குறைந்ததை வார்க்கச் சொல்லலாம், எழுத்துகளை வைக்கும் கேஸ் அறைகளைத் தன் வசதிக்கு மாற்றி அடுக்கலாம், வேண்டாதபோது இன்னோர் அச்சகத்துக்கு விற்கலாம். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது, ணா, றா, னா, லை, ளை ஆகியவற்றின் பழைய வடிவங்களுக்கு விடைகொடுத்துப் புதிய முறையில் கோக்க எந்த வார்ப்பாலையின் அனுமதியும் தேவைப்படவில்லை. எழுத்தை வார்த்த ஆலை மூடிப்போனாலும் அதில் அச்சான பக்கம் மங்காமல் நின்றது. தமிழ் அச்சு இப்படி நான்கு நூற்றாண்டு வளர்ந்தது. கணினி வந்தபோதுதான் இந்த உரிமை, யாரும் கவனிக்காமலே, கைமாறிப் போயிற்று.

அது எப்படி நடந்தது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு, வணிகக் காரணமும் உண்டு. அன்றைய கணினிகளில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்; ஒரு பைட்டில் 256 இடங்கள். முதல் 128 இடங்களில் ஆங்கிலமும் கட்டளைக் குறிகளும் ஏற்கெனவே குடியிருந்தன. தமிழின் 247 எழுத்துகளை மிச்ச இடத்தில் அப்படியே வைக்க முடியாது. அதனால் கொக்கி, கொம்பு, கால் என்று உறுப்புகளாகப் பிரித்து, அடிக்கடி வரும் சேர்க்கைகளுக்கு மட்டும் தனி இடம் தந்து, மீதியைப் பல துண்டுகளால் ஒட்ட வேண்டியிருந்தது. எதைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது, எந்த எண்ணில் வைப்பது என்பதற்கு அனைவரும் ஏற்ற விதி இல்லை. இந்திய மொழிகளுக்காக அரசு வகுத்த இஸ்கி தரம் 1991இல் இறுதியானாலும், திரையில் தெரியும் எழுத்துருக்களின் உள் அமைப்பை அது கட்டுப்படுத்தவில்லை. எனவே ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்தது. இதுவரை குற்றம் சொல்ல ஏதுமில்லை. இருந்த வசதிக்குள் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களின் உழைப்பு பெரியது. ஆனால் தன் அமைப்பு பிறர் அமைப்போடு ஒத்துப்போகாததே விற்பனையாளருக்கு லாபமாக மாறியது. ஓர் எழுத்துருவில் 10 நூல்களைக் கோத்துவிட்ட அச்சகம் வேறு நிறுவனத்திடம் போக முடியாது. போனால் 10 நூல்களையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும். பிரிண்டர் போர்ட்டில் செருகினால்தான் மென்பொருள் இயங்கும் என்ற டாங்கிள் பூட்டும் சேர்ந்துகொண்டது. பூட்டு பழுதானால், காசு கொடுத்து வாங்கிய மென்பொருளும் இயங்காது. அதில் செய்த சொந்த வேலையையும் திறக்க முடியாது.

விளைவுகளைக் கணினியில் பக்கம் கோக்கும் டிடிபி தொழிலில் இருந்தவர்கள் நன்கு அறிவார்கள். அச்சகத்தில் கோத்த நாவலின் கோப்பை எழுத்தாளர் வாங்கிவந்தால் அவர் வீட்டுக் கணினியில் அது திறக்காது. இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் செய்ய அதே அச்சகத்துக்கே போக வேண்டும். பதிப்பாளர் அச்சகத்தை மாற்றினால் முதலிலிருந்து தட்டச்சும் மெய்ப்பும். 1990களின் இறுதியில் இணையத்துக்கு வந்த தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கொரு எழுத்துருவோடு வந்தன. ஒன்றைப் படிக்க ஓர் எழுத்துருவை இறக்க வேண்டும், மற்றொன்றுக்கு மற்றொன்று. படிக்கத்தான் முடிந்தது, தேட முடியவில்லை. தேடுபொறிக்கு அந்தப் பக்கங்கள் தமிழாகத் தெரியவே இல்லை. பல ஆண்டுச் செய்திகள், கதைகள், பேட்டிகள் இப்படிக் கண்ணுக்குத் தெரிந்தும் தேடலுக்கு எட்டாமல் கிடந்தன. பக்கம் அமைக்கும் மென்பொருளின் கதையும் இதுதான். தமிழ் அச்சகங்களில் ஆட்சி செய்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதற்குப் பிறகு அடோபி நிறுவனம் இன்டிசைனை முன்னிறுத்தி அதன் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. பின்வந்த பதிப்புகள் திறக்கவில்லை. வாங்கியவர்கள் செய்த தவறு எதுவுமில்லை; விற்றவருக்கு அந்தக் கோப்புகளில் அக்கறை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நிரல் அவரிடம் மட்டும் இருந்ததால் வேறு எவரும் அந்த அக்கறையை ஏற்று நடத்த வழியில்லை.

இதே காலத்தில் வேறொரு வழியும் உருவாகிக்கொண்டிருந்தது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் 97 மாநாட்டில், பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் குறியேற்றக் குழப்பத்தை நேருக்கு நேர் பேசினார்கள். தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவரான நா. கோவிந்தசாமி சிங்கப்பூரைச் சேர்ந்தவர். சுவிட்சர்லாந்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்றோர் பங்கேற்ற மின்னஞ்சல் விவாதங்களில் திஸ்கி என்ற குறியேற்றம் உருவெடுத்தது. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு, அடுத்த 128 தமிழுக்கு என்ற எளிய ஏற்பாடு அது. தொழில்நுட்பத்தில் அது பிற எட்டு பிட் எழுத்துருக்களைவிட வெகுதூரம் முன்னே போய்விடவில்லை. அதன் அட்டவணை எல்லோர் பார்வைக்கும் வெளியிடப்பட்டது. யார் வேண்டுமானாலும் அனுமதியோ கட்டணமோ இல்லாமல் அதற்கேற்ப எழுத்துரு செய்யலாம், மென்பொருள் எழுதலாம். வேறுபாடு அங்கேதான் இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு தாப், தாம் என்ற வேறு தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. திஸ்கி தரப்புக்கும் இந்தத் தரப்புக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் எல்லாமே வெளிப்படையான தரங்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் சங்க நூல்கள் முதல் நவீன உரைநடை வரை தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அந்த நூல்கள் திஸ்கியில் வெளியாயின. பிறகு எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு மாறின. இன்றும் பல நூறு நூல்கள் எவரும் இறக்கிப் படிக்கும்படி இருக்கின்றன. அதே ஆண்டுகளில் பூட்டிய எழுத்துருக்களில் கோத்த செம்பதிப்புகளை இப்படி எளிதில் மாற்ற முடியவில்லை.

திறந்த அட்டவணை பாதி வழிதான். அதைப் புரிந்துகொள்ளும் நிரலைக் கணினிக்குள் சேர்க்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பது மறுபாதி. இந்த இடத்தில்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வரலாறு தமிழின் வரலாற்றோடு வந்து சேர்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறியின் மூலநிரல் மறுக்கப்பட்டதைக் கண்டவர். காகிதம் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் சொல்லும் ஒரு சிறு வசதியை அவரால் சேர்க்க முடியவில்லை. அறிவு இல்லாததால் அல்ல, அனுமதி இல்லாததால். 1983 செப்டம்பரில் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், அதன் நிரலைப் படித்து மாற்றலாம், பிறருக்குத் தரலாம், மாற்றியதையும் தரலாம் என்ற நான்கு உரிமைகளை 1989இல் வந்த ஜிபிஎல் உரிமம் சட்ட மொழியில் உறுதி செய்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்ற இயங்குதளக் கரு மறு ஆண்டே அந்த உரிமத்துக்குள் வந்தது. இவர்கள் யாரும் தமிழை நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற ஒரு வரி அனுமதி, அவர்கள் நினைத்தும் பார்க்காத மொழிகளுக்கும் கதவைத் திறந்தது. 2000இல் கேடிஇ மேசைச்சூழலின் அடித்தளமான கியூட்டி நூலகத்துக்கு ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்பவர் திஸ்கியைப் புரிந்துகொள்ளும் நிரலை எழுதினார். 2002இல் புரூனோ ஹைபிள் அதே வேலையைக் குனூ சி நூலகத்துக்குச் செய்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர், தமிழர் வெளியிட்ட ஓர் அட்டவணையைப் படித்து, திறந்திருந்த நிரலில் சேர்த்துவிட்டார்கள்.

ஹைபிளின் நிரல் என்ன செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். திஸ்கியில் ‘கொ’ என்ற எழுத்து மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும்: முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து ‘க’, அதன்பின் கால். ஒருங்குறியிலோ முதலில் ‘க’, அதைத் தொடர்ந்து ஒகரக் குறி என்று ஒலிப்பு வரிசையில் இருக்க வேண்டும். எனவே கொம்பைக் கண்டவுடன் நிரல் அதை வெளியே விட்டுவிடக் கூடாது; கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அடுத்து மெய் வருகிறதா, அதன்பின் கால் வருகிறதா என்று பார்த்து, வந்தால் ‘கொ’, வராவிட்டால் ‘கெ’ என்று முடிவு செய்து, இடம் மாற்றி எழுத வேண்டும். ‘கு’, ‘கூ’ போன்றவற்றுக்குத் திஸ்கியில் தனித்தனி இடங்கள். அவற்றை இரண்டாகப் பிரிக்கவும் வேண்டும். தமிழ் எழுத்தின் இலக்கணம் இப்படிச் சில நூறு வரி நிரலாகக் குனூ சி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நூலகம் உலகெங்குமுள்ள பெரும்பாலான லினக்ஸ் கணினிகளின் அடித்தளம். ஆகவே 1999இல் யாரோ ஒருவர் திஸ்கியில் தட்டச்சு செய்த கம்பராமாயணப் படலம் இன்று உங்களிடம் கிடைத்தால், எந்த நிறுவனத்தையும் தேடிப் போக வேண்டாம். லினக்ஸ் கணினியில் ஐகான்வ் என்ற கட்டளையிடம், இது திஸ்கி, இதை ஒருங்குறியாக்கு என்று ஒரே வரியில் சொன்னால் வேலை முடிந்தது. அதே 1999இல் பூட்டிய எழுத்துருவில் கோத்த கோப்புக்கு இந்த வழி இல்லை. அதை மீட்க வேண்டுமானால், ஒவ்வோர் எழுத்தும் எந்த எண்ணில் இருக்கிறது என்று யாராவது உட்கார்ந்து துப்பறிய வேண்டும். அப்படிப் பொறுமையாகத் துப்பறிந்து எழுத்துரு மாற்றிகளை எழுதியவர்கள் இருக்கிறார்கள். அட்டவணைகள் திறந்திருந்தால் அவர்கள் அத்தனை காலம் செலவிடத் தேவையே இருந்திருக்காது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். குழப்பத்தைத் தீர்த்தது ஒருங்குறி. அதை உருவாக்கிய கூட்டமைப்பில் இருப்பவை மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள், அடோபி போன்ற பெருநிறுவனங்கள். விண்டோஸ் 2000இல் தமிழ் வந்த பிறகுதான் சாதாரண மக்கள் கைக்குத் தமிழ் சேர்ந்தது. அப்படியிருக்க, புகழ் கட்டற்ற மென்பொருளுக்கு எப்படிப் போகும் என்று கேட்கலாம். ஒருங்குறியின் பங்கை யாரும் மறுக்க முடியாது. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இஸ்கியை ஒட்டி அமைந்த அந்த இட ஒதுக்கீடு போதாது என்று பல தமிழறிஞர்கள் வாதாடினார்கள். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு டேஸ்16 என்ற அனைத்தெழுத்துத் தரத்தையும் ஏற்றது. ஆனால் அந்த 1991ஐயும் விண்டோஸ் 2000ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். தரம் வெளியாகிக் கிட்டத்தட்ட 10 ஆண்டு கழித்தே விண்டோஸ் அதைத் தமிழுக்கு நடைமுறைப்படுத்தியது. அதற்கு முந்திய விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் அதன் நிரலைத் திறந்து தாங்களாக அதைச் சேர்த்துக்கொள்ள வழியில்லை; நிறுவனம் தரும்வரை காத்திருந்தார்கள். திறந்த தரம் இருந்தும், மூடிய நிரலுக்குள் அது எப்போது நுழையும் என்பதை நிறுவனத்தின் சந்தைக் கணக்கு தீர்மானித்தது. கட்டற்ற மென்பொருளில் அந்தத் தீர்மானம் மொழி பேசுவோர் கையில் இருந்தது. தமிழகம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், புலம்பெயர்ந்த நாடுகள் எனச் சிதறியிருந்த தன்னார்வலர்கள் கேடிஇ, குனோம், மொசில்லா, ஓப்பன் ஆபீஸ் ஆகியவற்றின் பட்டிகளையும் செய்திகளையும் சொல் சொல்லாகத் தமிழாக்கினார்கள். யாரும் அவர்களிடம் சந்தை எவ்வளவு பெரியது என்று கேட்கவில்லை. 2005இல் மத்திய அரசு தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை இலவசமாக வழங்கியபோது, அதில் தமிழ் ஃபயர்ஃபாக்ஸும் ஓப்பன் ஆபீஸும் இடம்பெற முடிந்தது, அவை தமிழாக்கவும் பகிரவும் உரிமை தந்த மென்பொருள்கள் என்பதால்தான்.

ஒருவர் செய்த வேலை மற்றவருக்கு அடிப்படையாவது இந்த முறையின் தனிச்சிறப்பு. நாகார்ஜுன வென்னா தெலுங்குக்காகத் தொடங்கிய பத்மா என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, தளத்துக்கொன்றாக இருந்த எழுத்துருப் பக்கங்களை உலாவியிலேயே ஒருங்குறியாக்கியது. பிறகு தமிழ் உட்படப் பிற இந்திய மொழிகளுக்கும் விரிந்தது. மலையாளக் கட்டற்ற கணிமைக் குழு, மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவைச் செய்து கட்டற்ற உரிமத்தில் கொடுத்தது. தமிழா குழுவின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான இ-கலப்பை முதலில் கீமேன் என்ற, அன்று தனியுடைமையாக இருந்த மென்பொருளின் மேல் இயங்கியது; அந்தச் சார்பு இடையூறாக இருந்ததால் மூன்றாம் பதிப்பில் சொந்த நிரலோடு கட்டற்ற மென்பொருளாகப் புதிதாக எழுதப்பட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, கட்டற்ற மென்பொருளான மீடியாவிக்கியின் மேல் நின்று ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. கேரளம் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக் கொள்கையாகவே ஆக்கியது. ஐடி@ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளிக் கணினிக் கல்வியை லினக்ஸுக்கு மாற்றியது. தமிழகத்திலும் 2000களில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் லினக்ஸ் பக்கம் திரும்பியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் நிறுவப்பட்டு வந்தது. ஆனால் வட்டில் இருப்பதும் வகுப்பறையில் புழங்குவதும் வேறு. ஆசிரியர் பயிற்சியையும் பாடத்திட்டத்தையும் சேர்த்து நகர்த்திய கேரளத்தின் உறுதி இங்கே தொடரவில்லை.

அடுத்த மறுப்பு உழைப்பின் கூலி பற்றியது. எழுத்துரு வரைவது எளிய வேலை இல்லை. ஒரு நல்ல தமிழ் எழுத்துருவுக்கு ஒரு கலைஞர் பல மாதம் செலவிடுகிறார். நிரலைத் திறந்துவிட்டால் அவர் எப்படிப் பிழைப்பார்? இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிடக் கூடாது. தமிழ்க் கணிமையின் தொடக்க காலத்தில் பணம் போட்டுத் துணிந்தவர்கள் வணிகர்கள்தாம். ஆனால் நடந்த தீங்கு விலை வைத்ததால் நேரவில்லை. குறியேற்றத்தை மறைத்ததால் நேர்ந்தது. முரசு அஞ்சல் ஒரு வணிகப் பொருள். அதை உருவாக்கியவரே திஸ்கி என்ற திறந்த தரத்தை வகுப்பதிலும் பங்கெடுத்தார், அதனால் அவர் தொழில் நின்றுவிடவில்லை. எழுத்துருவுக்கான ஓப்பன் ஃபான்ட் போன்ற கட்டற்ற உரிமங்களில், நிறுவனங்கள் கலைஞர்களுக்கு முன்கூட்டியே ஊதியம் கொடுத்துச் செய்வித்து, எழுத்துருவை எல்லோருக்கும் திறந்துவிடும் முறை நிலைபெற்றது. ரெட்ஹாட் வெளியிட்ட லோகித் தமிழும், கூகுளின் நோட்டோ வரிசையும் அப்படி வந்தவை. செய்தவருக்குக் கூலி கிடைத்தது. பயன்படுத்துவோருக்கு உரிமையும் கிடைத்தது. கட்டற்ற மென்பொருளில் பணம் ஒரு பிரதியின் விலையாக வராமல், செய்யும் வேலைக்கான ஊதியமாக வருகிறது. பொது நிதியில் நடக்கும் மொழிப் பணிகளுக்கு இந்த வழியே முறையானது. மக்கள் வரிப்பணத்தில் செய்வித்ததை மக்களுக்கே மறுபடி உரிமம் போட்டு விற்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

மிகக் கடினமான மறுப்பு தரம் பற்றியது. பல துறைகளில் தனியுடைமை மென்பொருள் மேலானது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. தமிழ் அச்சகங்கள் இன்றும் இன்டிசைனை விடவில்லை. கட்டற்ற மாற்றான ஸ்கிரைபஸ், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறனை 2017இல் வந்த 1.5.3 பதிப்பில்தான் பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலாக்கிய நாட்டுடைமை நூல்களை விக்கிமூலத்தில் ஏற்றியபோது, பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கத் தன்னார்வலர்கள் கூகுளின் எழுத்துணரியைத்தான் நாடினார்கள். கட்டற்ற எழுத்துணரியான டெசராக்டைவிட அது தமிழை நன்றாகப் படித்தது. அந்த முடிவு சரியானதே. விளைந்த நூல்கள் ஒருங்குறியில், யாரும் எடுத்தாளும் உரிமையோடு இருக்கின்றன. கூகுள் நாளை அந்தச் சேவையை நிறுத்தினாலும் நூல்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் அடுத்த ஆயிரம் நூல்களை எடுக்கும் வேலைக்கு ஆபத்து உண்டு. இன்றைய தரத்தை மட்டும் பார்ப்பவர் அந்த ஆபத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. டெசராக்டின் கதையே இதற்கு விடை சொல்கிறது. 1985இல் எச்பி நிறுவனத்தில் தொடங்கிய அது 1990களின் நடுவில் கைவிடப்பட்டு, நிறுவனத்தின் அலமாரியில் 10 ஆண்டு உறங்கியது. 2005இல் நிரல் திறக்கப்பட்ட பிறகு பிறர் அதை எடுத்து வளர்த்து, தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தார்கள். கட்டற்ற மென்பொருளும் கைவிடப்படுவதுண்டு. பராமரிப்பார் இல்லாமல் நின்றுபோன தமிழ்த் திட்டங்கள் பல. ஆனால் நின்றுபோன திறந்த நிரலை 10 ஆண்டு கழித்து ஒரு கல்லூரி மாணவர் எடுத்து ஓட்ட முடியும். நின்றுபோன மூடிய நிரலை அதைச் செய்தவரே நினைத்தாலும், உரிமை வேறு கைக்கு மாறியிருந்தால், எடுக்க முடியாது. இன்றைய குறைபாடு உழைப்பால் தீரும். உரிமை இல்லாத குறையை எவ்வளவு உழைத்தாலும் தீர்க்க முடியாது.

ஒருங்குறி வென்றுவிட்டதே, இனி இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பாரும் உண்டு. எழுத்தளவில் வென்றது உண்மை. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகியவற்றிலும் தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டுவது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நூலகம். இன்று தமிழர் படிக்கும் கைபேசித் திரைகளில் பெரும்பகுதி அதன் வழியே வருகிறது. அந்த அளவுக்குத் திறந்த நிரல் நம் அன்றாடத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் எழுத்துருவில் தீர்ந்த சிக்கல் அதற்கு மேல் தளங்களில் புதிதாக எழுந்திருக்கிறது. பேச்சை எழுத்தாக்குதல், எழுத்தைப் பேச்சாக்குதல், பிழை திருத்தம், மொழிபெயர்ப்பு, மொழி மாதிரிகள் என்று தமிழ் நுழையும் ஒவ்வொரு துறையிலும் 1990களின் கேள்விகளே வந்து நிற்கின்றன. எந்தத் தரவிலிருந்து கற்றது, வழக்குத் தமிழுக்கோ ஈழத் தமிழுக்கோ அது தவறினால் திருத்த யாருக்கு உரிமை, சேவையை நிறுத்தினால் அதன்மேல் கட்டியதெல்லாம் என்ன ஆகும்? எழுத்துருவின் அட்டவணையை மறைத்ததால் நேர்ந்த இழப்பையாவது துப்பறிந்து ஓரளவு மீட்க முடிந்தது. தொலைவிலுள்ள கணினியில் ஓடும் சேவை நின்றால் துப்பறிவதற்கும் நம் கையில் ஏதும் மிஞ்சாது.

ஆகவே இந்த வரலாற்றிலிருந்து செய்ய வேண்டியவை தெளிவாகவே வருகின்றன. தமிழுக்காக அரசும் பல்கலைக்கழகங்களும் செலவிடும் ஒவ்வொரு மொழித்தொழில்நுட்பத் திட்டத்திலும் நிரலும் தரவும் கட்டற்ற உரிமத்தில் வெளியாக வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக வேண்டும். பதிப்பாளர்கள் எந்த மென்பொருளில் பக்கம் அமைத்தாலும், மெய்ப்பு முடிந்த பாடத்தின் ஒருங்குறிப் பிரதி ஒன்றை எளிய உரைக்கோப்பாகத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தாளர்கள் அதை உரிமையோடு கேட்டு வாங்க வேண்டும். விற்பனை முடிந்துபோன பழைய எழுத்துருக்களின் உரிமையாளர்கள் அவற்றின் இட அட்டவணைகளை வெளியிட்டால், அவர்களுக்கு ஒரு காசும் நட்டமில்லை. தமிழுக்கோ 20 ஆண்டுக் கால எழுத்து திரும்பக் கிடைக்கும். ஊதியம் இல்லாமல் நிரல் எழுதியும் மொழிபெயர்த்தும் வந்த தன்னார்வலர்களின் பணியை நிதியளித்து நிலைப்படுத்த வேண்டும். ஆர்வத்தை மட்டும் நம்பி ஒரு மொழியின் கட்டுமானத்தை எத்தனை காலம் ஓட்ட முடியும்? வசதியான மென்பொருளைக் கேட்பது பயனரின் உரிமை. தன் மொழியில் எழுதியதை 50 ஆண்டு கழித்தும் யார் தயவும் இல்லாமல் திறந்து படிப்பதும், பிழை கண்டால் திருத்துவதும் அதைவிடப் பெரிய உரிமை. இரண்டும் மோதும் இடத்தில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர்களால்தான் நம் மின்னெழுத்து இன்று கையில் இருக்கிறது. அடுத்து வரும் தொழில்நுட்பங்களிலும் நாம் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.